குரல் காகிதத்தில் ஏறாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் கல்வி இணைப்பில், கோர்ட்டில் ஜெயிக்கிற வக்கீலுக்கு என்னென்ன தகுதி வேண்டும் என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. கணீர்க் குரல், சரளமான ஆங்கிலம், கம்பீரமான தோற்றம், எதிராளியைத் திணறடிக்கும் வாதத்திறமை என்று வரிசையாகப் போட்டிருந்தீர்கள். என் தங்கை பேத்தி இந்த வருடம்தான் திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். அவள் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் வக்கீல் இல்லை. 1989-இல் கோர்ட்டில் தட்டச்சராகச் சேர்ந்து 2020-இல் ஓய்வு பெற்றவள். 31 வருடத்தில் பாதிக்கு மேல் செஷன்ஸ் கோர்ட்டில், சாட்சிக் கூண்டுக்கும் நீதிபதி மேடைக்கும் நடுவில் கழிந்தது. சாட்சி சொல்வதைக் கேட்டு நீதிபதி சொல்லச் சொல்ல அடிப்பது என் வேலை. முதலில் ரெமிங்டன் தமிழ் மெஷின், மூன்று கார்பன் வைத்து நாலு காப்பி. அப்புறம் கம்ப்யூட்டர். எத்தனையோ வக்கீல்களின் குறுக்கு விசாரணை என் விரல் வழியாகப் போயிருக்கிறது. அந்த உரிமையில் சொல்கிறேன்: நீங்கள் போட்ட பட்டியலில் எதுவுமே காகிதத்தில் ஏறாது.

வெளியே இருப்பவர்களுக்கு இது புரியாது, கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். வக்கீல் கேள்வி கேட்கிறார், சாட்சி பதில் சொல்கிறார். சினிமாவில் காட்டுகிற மாதிரி கேள்வி ஒரு வரி, பதில் ஒரு வரி என்று பெரும்பாலும் பதிவதில்லை. இரண்டையும் சேர்த்து, சாட்சியே கதை சொல்வதுபோல நீதிபதி சொல்வார். ‘நான் அன்று இரவு 9 மணிக்குக் கடையை அடைத்துவிட்டு வந்தேன். வழியில் எதிரி நின்றிருந்தார்’ என்று நான் அடிப்பேன். (குற்றம் சாட்டப்பட்டவருக்கு எங்கள் பதிவில் ‘எதிரி’ என்றுதான் பெயர். முதல் வாரம் எனக்கே விசித்திரமாக இருந்தது.) தேவைப்பட்ட இடத்தில் மட்டும் கேள்வி பதிலாகவே பதியச் சொல்வார்கள்.

வக்கீல் மேஜையைத் தட்டியது, கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கேலரியைப் பார்த்தது, சாட்சிக்கு வியர்த்தது எல்லாம் சாயங்காலம் ஐந்தரை மணிக்குக் கரைந்து போகும். மறுநாள் மிஞ்சுவது அந்த நாலு காப்பி. தீர்ப்பு எழுதும்போது நீதிபதி அதைத்தான் புரட்டுகிறார். அப்பீல் போனால் மதுரையிலோ சென்னையிலோ உட்கார்ந்திருக்கும் நீதிபதிகள் சாட்சியின் முகத்தைப் பார்க்கப் போவதில்லை. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் எம்.கே. தியாகராஜ பாகவதருக்கும் என்.எஸ். கிருஷ்ணனுக்கும் 1945-இல் தண்டனை ஆனது. பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி வந்து, 1947-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் இருவரும் விடுதலையானார்கள். அதற்காக வாதாடிய வி.எல். எத்திராஜின் பெயரை எல்லோரும் சொல்வார்கள், சரிதான். ஆனால் அவர் கையில் இருந்தது கூண்டில் நின்ற சாட்சிகள் அல்ல, அவர்கள் சொன்னதாக ஏற்கெனவே பதிவான காகிதம்தான்.

கேள்வி மோசமாக இருந்தால் முதலில் தெரிவது தட்டச்சருக்கு. விரல் நின்றுவிடும். ‘நீர் கடைக்குப் போனது, எதிரியைப் பார்த்தது, அவர் அரிவாளோடு ஓடி வந்தது எல்லாமே பொய்தானே?’ என்று ஒருத்தர் முழங்குவார். சாட்சி, ‘ஆமா... இல்ல’ என்பார். எதற்கு ஆமாம், எதற்கு இல்லை? நீதிபதி என்னைப் பார்ப்பார், நான் நீதிபதியைப் பார்ப்பேன். காகிதம் வெள்ளையாகவே இருக்கும். நல்ல வக்கீல் ஒரு கேள்வியில் ஒரு சங்கதிதான் வைப்பார். கடைக்குப் போனீர்களா, மணி எட்டா, கூட யாரும் வந்தார்களா. கேட்கச் சப்பென்று இருக்கும். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு வரியாக இறங்கும், எனக்கும் மூச்சு முட்டாது.

எங்கள் கோர்ட்டுக்கு ஒரு சீனியர் வருவார். பெயர் வேண்டாம், படித்தால் கோபித்துக்கொள்ளக்கூடிய மனிதர். ஆள் குள்ளம், குரல் கீச்சுக் குரல், மூக்குப்பொடிப் பழக்கம் வேறு. இறுதி வாதம் செய்தால் தூக்கம் வரும். நீதிபதி ஒருவர் வாயை மூடிக்கொண்டு கொட்டாவி விட்டதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அவர் குறுக்கு விசாரணை செய்கிற அன்றைக்கு மற்ற வக்கீல்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டு வந்து பின்னால் நிற்பார்கள்.

ஒரு வெட்டு வழக்கில், சம்பவத்தை எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தீர்கள் என்று கேட்டார். சாட்சி கையை நீட்டி, ‘இங்கேருந்து அந்தா அந்த பீரோ வரைக்கும் இருக்கும்’ என்றார். சாதாரணமாக வக்கீல்கள் இந்த இடத்தில் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். நானும் ‘அந்த பீரோ வரை’ என்று அடித்திருப்பேன். அப்பீலில் படிக்கிறவருக்கு எந்த பீரோ, என்ன தூரம் என்று என்ன தெரியும்? இவர் ஜூனியரைக் கூப்பிட்டு, கூண்டிலிருந்து பீரோ வரை அடி வைத்து நடக்கச் சொன்னார். ‘ஐயா, சாட்சி காட்டும் தூரம் சுமார் 60 அடி என்று பதிய வேண்டும்’ என்றார். எங்கள் கோர்ட் ஹால் நீளம், பீரோ கடைசியில் இருந்தது. அரசு வழக்கறிஞரும் எழுந்து பார்த்துவிட்டுச் சரி என்று தலையாட்டினார். 60 அடி, இரவு 9 மணி. அந்த ஒரு வரிதான் பிறகு தீர்ப்பில் மூன்று இடத்தில் வந்தது.

அதே சாட்சியிடம் அடுத்ததாக, தெருவிளக்கு எரிந்தது என்று போலீஸ் விசாரணையில் சொன்னீர்களா என்று கேட்டார். ‘சொல்லலை’ என்றார் சாட்சி. போலீஸ் போட்ட மாதிரி வரைபடத்தில் விளக்குக் கம்பமும் இல்லை. அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார். எனக்கே ஏமாற்றம். இன்னும் நாலு கேள்வி கேட்டு ஆளை மடக்கப் போகிறார் என்று விரலைத் தயாராக வைத்திருந்தேன்.

ஏன் உட்கார்ந்தார் என்பது சில மாதம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. வேறொரு வழக்கு, வேறொரு இளம் வக்கீல், அதே மாதிரி இருட்டு, அதே மாதிரி ‘சொல்லலை’. இவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. பின்னால் கட்சிக்காரரின் சொந்தபந்தம் முழுக்க நிற்கிறது. ‘விளக்கே இல்லையென்றால் எதிரியை எப்படி அடையாளம் கண்டீர்?’ என்று அதட்டினார். சாட்சி சாவகாசமாகச் சொன்னார்: ‘பதினஞ்சு வருசமா பக்கத்து வீட்டுக்காரம்லா யா. அவம் இருமுனாலே நமக்குத் தெரிஞ்சு போவும்.’ கோர்ட்டே சிரித்தது. நீதிபதி சிரிக்காமல் ஒவ்வொரு சொல்லாக எனக்குச் சொன்னார், நானும் அடித்தேன். அரசுத் தரப்பு கேட்க மறந்ததை எதிரியின் வக்கீலே கேட்டு வாங்கிக் கொடுத்தார்.

நிறுத்தத் தெரிவதற்கும் மேலே ஒன்று உண்டு. ஆரம்பிக்காமலே இருப்பது. பிரேதத்தை மருத்துவமனைக்குக் கொண்டுபோன போலீஸ்காரர், புகைப்படம் எடுத்தவர் என்று சில சாட்சிகள் வருவார்கள். அவர்கள் சொல்வதில் சண்டைக்கு ஒன்றும் இருக்காது. ஆனாலும் கட்சிக்காரர் பார்த்துக்கொண்டிருக்கிறாரே, வாங்கிய பீஸுக்குக் கத்த வேண்டாமா என்று சிலர் அரை மணி நேரம் அவர்களைப் போட்டு வறுப்பார்கள். அந்த சீனியர் பாதி எழுந்து, ‘குறுக்கு விசாரணை இல்லை’ என்று சொல்லி உட்கார்ந்துவிடுவார். மூன்றே சொல். அதைச் சொல்வதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்பது, பின்னால் நிற்கும் சொந்தக்காரர்களின் முகத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

அவர் கேஸ் கட்டுக்குள் எப்போதும் ஒரு பழுப்புத் தாள் இருக்கும். கேஸ் டயரி ஒன்றுமில்லை, நீளவாக்கில் மடித்த சாதாரணத் தாள். இடது பக்கம் சாட்சி எண், நடுவில் கோர்ட்டில் புதிதாகச் சொன்னது, வலது பக்கம் போலீஸ் வாக்குமூலத்தில் இருப்பது. ஒவ்வொரு சாட்சி இறங்கியதும் இரண்டு மூன்று வரி சேரும். கடைசியில் புலனாய்வு செய்த இன்ஸ்பெக்டர் கூண்டில் ஏறியதும் அந்தத் தாளை வெளியே எடுப்பார். (அ.சா. என்றால் அரசுத் தரப்பு சாட்சி.) ‘என் விசாரணையில் அ.சா.2 விளக்கு வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லவில்லை’, ‘அ.சா.3 தான் ஓடிப்போய்த் தடுத்ததாகச் சொல்லவில்லை’ என்று வரிசையாக வாங்கிவிட்டு ஒவ்வொன்றாக டிக் அடிப்பார்.

இதென்ன பெரிய வித்தை என்று தோன்றும். ஆனால் போலீஸ் வாக்குமூலத்துக்கும் கோர்ட் சாட்சியத்துக்கும் உள்ள முரணை அதை எழுதிய அதிகாரியிடம் கேட்டு நிரூபித்தால்தான் அது நிற்கும். சாட்சி ஒப்புக்கொண்டாலும் அதிகாரியிடமும் வாங்கி வைத்துவிடுவது அவர் பழக்கம். எது முரண், எந்த விடுபடல் முரணாகும் என்பதற்கு 1959-இலேயே தாசில்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழி சொல்லிவிட்டது. சாட்சியிடம் ஆவேசமாகக் கேட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்து இன்ஸ்பெக்டர் வரும்போது அதை மறந்துவிட்ட எத்தனை பேரை நான் பார்த்திருக்கிறேன்! என்னிடம் வந்து, ‘மேடம், அ.சா.2-ல நான் ஏதோ கேட்டேனே, அது என்ன?’ என்பார்கள். காப்பியை எடுத்துக் காட்டுவேன். அதற்குள் இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டு ஜீப் ஏறியிருப்பார்.

அப்புறம் இந்த சஜஷன், அதாவது வக்கீல் தன் தரப்புக் கதையைச் சாட்சியிடம் சொல்லி, அதுதானே உண்மை என்று கேட்பது. ‘எதிரி சம்பவ இடத்தில் இல்லை என்றால் சரியல்ல. முன்விரோதத்தால் பொய் சாட்சி சொல்கிறேன் என்றால் சரியல்ல.’ ‘என்றால் சரியல்ல’ என்ற சொல்லைத் தூக்கத்தில் எழுப்பினாலும் அடிப்பேன். சாட்சி மறுத்துவிட்டால் அது வெறும் காகிதச் செலவு. அதிலும் கவனமில்லாமல் போட்டால் கட்சிக்காரர் கழுத்துக்கே வரும். எதிரி அன்று ஊரிலேயே இல்லை என்று முதல் பக்கத்தில் கேட்டுவிட்டு, நாலாம் பக்கத்தில் ‘நீங்கள்தான் முதலில் எதிரியை அடித்தீர்கள், அவர் தற்காப்புக்குத்தான் தள்ளினார்’ என்று சஜஷன் போட்டவர்கள் உண்டு. ஊரில் இல்லாதவர் எப்படித் தள்ளினார்? 2023-இல் பாலு சுதாம் கால்டே வழக்கில், எதிரியின் வக்கீல் போட்ட சஜஷனை எதிரிக்கு எதிராகவே எடுத்துக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பேத்தியிடம் இதைச் சொன்னபோது, ‘இன்னும் அந்தப் பாடம் வரலை’ என்றாள்.

அந்த மனிதர் கொலைக் கேஸ் கட்டு வந்தால் முதல் ஞாயிற்றுக்கிழமையே டிவிஎஸ் 50-ஐ எடுத்துக்கொண்டு சம்பவ ஊருக்குப் போய்விடுவார். யாரையும் பார்த்துப் பேச மாட்டார். சாட்சியிடம் போய்ப் பேசினால் வேறு பேச்சு வந்துவிடும் என்று பயம். டீக்கடையில் உட்கார்ந்து ஒரு டீ குடிப்பார், பார்ப்பார், வருவார். ஒருமுறை, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே கிணற்றடியில் நடந்ததைப் பார்த்ததாக ஒரு சாட்சி சொல்லியிருந்தார். இவர் அந்த பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தால் நடுவில் கோயில் மதில். சம்பவ இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதிய பார்வை மகஜரிலும் மதில் இருந்திருக்கிறது, ஒரே ஒரு வார்த்தையாக. நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. அரசுத் தரப்பும் கவனிக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

சாட்சியை நடத்துகிற விதம் பற்றியும் சொல்ல வேண்டும். தேரிக்காட்டுப் பக்கத்திலிருந்து எழுபது வயது ஆச்சி ஒருவர் சாட்சி சொல்ல வந்தார், வாழ்நாளெல்லாம் கருப்பட்டி காய்ச்சியவர். அரசுத் தரப்பில் ‘சத்தமா சொல்லு, கோர்ட்டைப் பார்த்துச் சொல்லு’ என்று விரட்ட விரட்ட ஆச்சி சுருங்கிக்கொண்டே போனார். அவர்கள் தரப்பு சாட்சியையே அவர்களே கெடுத்தார்கள். குறுக்கு விசாரணைக்கு எழுந்த சீனியர், முதலில் நீதிபதியிடம் கேட்டு ஒரு நாற்காலி போடச் சொன்னார். ‘ஆச்சி, தண்ணி குடிக்கியளா?’ என்றார். பிறகு பனை ஏறும் நேரம், பதநீர் இறக்கும் நேரம், அடுப்புப் பற்றவைக்கும் நேரம் என்று கேட்டுக்கொண்டே போனார். ஆச்சிக்கு உயிர் வந்துவிட்டது. அடுப்புப் பக்கத்தை விட்டு நகர முடியாத நேரத்தில்தான் சம்பவம் நடந்திருக்கிறது என்பதை ஆச்சி தன் வாயாலேயே சொல்லிவிட்டுப் போனார். ‘பொய்’ என்ற சொல்லே அன்றைய பதிவில் கிடையாது. இறங்கும்போது ஆச்சி அவரைப் பார்த்துக் கும்பிட்டார். எதிர்த்தரப்பு வக்கீல் என்று அவருக்குத் தெரிந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

வாய்தா வாங்குவதையே திறமையாக நினைக்கிறவர்களைப் பற்றி நிறைய எழுத மாட்டேன், ரத்த அழுத்தம் ஏறும். சாட்சியைக் கூப்பிட்ட தரப்பு கேட்கும் முதல் விசாரணை முடிந்ததும் ‘சீனியர் ஹைகோர்ட்டில் இருக்கார்’ என்று குறுக்கு விசாரணையைத் தள்ளுவது. கூலி வேலையை விட்டுவிட்டு வந்த சாட்சி கோர்ட் கொடுக்கும் படிக்காசை வாங்கிக்கொண்டு போவார். அடுத்த முறை வருவதற்குள் ஊரில் என்னென்னவோ நடந்து, முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லும் பிறழ் சாட்சி ஆகிவிடுவார். பஞ்சாபில் ஒரு லஞ்ச வழக்கில் இப்படி 20 மாதம் கழித்துக் குறுக்கு விசாரணை நடந்ததை, வினோத் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015-இல் கடுமையாகக் கண்டித்தது. தீர்ப்பு வந்த பிறகும் எங்கள் பக்கம் ஹைகோர்ட்டுக்குப் போகிற சீனியர்கள் குறைந்ததாகத் தெரியவில்லை.

பேச்சு வராது, கை நடுங்கும் என்று பயப்படும் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல ஆசை. காந்தி பாரிஸ்டர் படித்து வந்து பம்பாய் ஸ்மால் காசஸ் கோர்ட்டில் முதல் வழக்குக்கு எழுந்தபோது, சாட்சியைக் கேட்க ஒரு கேள்வி கூட வாயில் வரவில்லை. தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். வாங்கிய 30 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வேறு வக்கீலை வைத்துக்கொள்ளச் சொன்னார். எங்கள் பக்கத்து வ.உ.சி.க்கு அந்தத் தொல்லை இருந்ததாகத் தெரியவில்லை. 1895-இல் ஒட்டப்பிடாரத்தில் தொழில் தொடங்கி, போலீஸ் போட்ட வழக்குகளில் ஏழைகளுக்காக நின்று பெயர் வாங்கியவர். நடுங்கியவர், நடுங்காதவர் இரண்டு பேருமே வக்கீல்கள்தான். எங்கள் சீனியருக்கும் கடைசிவரை கூண்டின் முன் நிற்கும்போது இடது கை லேசாக ஆடும். அதனால்தான் அந்தப் பழுப்புத் தாளை எப்போதும் வலது கையில் பிடித்திருப்பார்.

அவரிடம் குறை இல்லாமல் இல்லை. ஜூனியர்களை நாலு பேர் முன்னால் வைத்து ஏசுவார். அவரிடம் இரண்டு வருடம் தாக்குப்பிடித்தவர்கள் குறைவு. கையெழுத்து கோழிக் கிறுக்கல். வழக்கும் நிறையத் தோற்றிருக்கிறார், ஆனால் கட்சிக்காரரிடம் ‘ஜெயிச்சிடலாம்’ என்று சொல்லி அவர் பீஸ் வாங்கி நான் பார்த்ததில்லை. போன வருடம் குற்றாலத்தில் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். எண்பதை நெருங்குகிறார். சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு. 2024 ஜூலையில் குற்றவியல் சட்டங்கள் மாறினவே, பழைய பிரிவு ஒரு பக்கம், புதிய பிரிவு ஒரு பக்கம் என்று கைப்பட எழுதி வைத்திருக்கிறார். சாட்சியிடம் அவருடைய பழைய வாக்குமூலத்தை வைத்துக் கேட்கும் சாட்சியச் சட்டம் 145-ஆம் பிரிவு இப்போது 148. ‘பந்தியில் உட்காரும் வரை சும்மாதானே இருக்கேன்’ என்றார்.

கடைசியாக என் கதை ஒன்று. இதுவரை வீட்டில் கூடச் சொன்னதில்லை. ஒரு நாள் மாலை ஐந்தே முக்கால் ஆகியும் ஒரு முக்கியச் சாட்சி முடியவில்லை. வீட்டில் பையனுக்குக் காய்ச்சல், என் மனசு பாதி அங்கே. நீதிபதி ‘நான் எதிரியின் கையில் அரிவாளைப் பார்க்கவில்லை’ என்று சொல்லியிருக்கிறார். நான் ‘பார்த்தேன்’ என்று அடித்துவிட்டேன். எழுத்துப் பிழை கூட இல்லை, சுத்தமான வாக்கியம். படித்துக் காட்டும்போதும் நானே அவசர அவசரமாகப் படித்து, என் பிழையை நானே கேட்காமல் தாண்டிவிட்டேன். சாட்சி பேனாவை எடுத்துவிட்டார். மற்ற வக்கீல்கள் எல்லாம் பஸ்ஸுக்குக் கிளம்பியாகிவிட்டது.

அந்த சீனியர் மட்டும் என் மேஜைக்கு வந்து, தாளை வாங்கி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வரி வரியாகப் படித்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு குனிந்து, என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, ‘அம்மா, நாலாவது பக்கம் ஏழாவது வரி. ஒரு தடவை பாருங்க’ என்றார். பார்த்தேன். உள்ளங்கை வேர்த்துவிட்டது. நான் நீதிபதியிடம் எழுந்து சொன்னேன். நீதிபதி சாட்சியிடம் இன்னொரு முறை கேட்டு, அடித்துத் திருத்தி, ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டார். சீனியர் அதற்குள் பொடி டப்பாவைத் தட்டிக்கொண்டே வராந்தாவுக்குப் போய்விட்டார். எதிரி தரப்புக்கு அந்த ஒரு சொல் எவ்வளவு பெரியது என்று அவருக்குத் தெரியும். என்னைக் கோர்ட்டுக்கு நடுவில் நிறுத்தி நாறடித்திருக்கலாம்.

ஆசிரியர் ஐயா, உங்கள் கட்டுரையாளர் ஒரு நாள் பாளையங்கோட்டைப் பக்கம் வரட்டும். போக்சோ மாதிரி மூடிய அறையில் நடக்கும் வழக்குகள் தவிர மற்றவை திறந்த நீதிமன்றத்தில்தான் நடக்கின்றன, யாரும் உட்கார்ந்து கேட்கலாம், அனுமதிச் சீட்டு கிடையாது. காலை பத்தரைக்குள் வந்து கடைசி பெஞ்சில் சுவரோரமாக இடம் பிடிக்க வேண்டும், அங்கேதான் ஃபேன் ஓடும். செல்போனை மறக்காமல் அணைத்துவிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்றத் தட்டச்சர்,
தென்காசி